மொட்டப்பாறை நெழல் பேச்சுவார்த்தை

ஒரு காட்டுல சிங்கமும் முயலும் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு சம்மணம் போட்டு உக்காந்துராதீங்க. இந்தக் காட்டு சிங்கம் மேல்காட்டு ஆபீஸ்ல இருக்கு, கையெழுத்து வேணும்னா மட்டும் வாயத் தொறக்கும். முயல் லீவு. கீழ்காட்டுல இருக்கிறது பன்னியும் கொரங்கும்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு குட்டை.

கோடைக்கு வத்தாத குட்டை. அதுக்குத்தான் மூணு வருசமா சண்டை. பன்னி வந்தா சும்மா குடிச்சிட்டுப் போகுமா? எறங்கி, பொரண்டு, முதுகைத் தேச்சு, தண்ணியை ரசத்து அடிமண்டி மாதிரி ஆக்கிட்டுத்தான் கரையேறும். அதைக் குடிச்ச கொரங்குக்கு வயித்தால போகும். அதனால கொரங்குங்க அத்திமரத்து மேல காவல் இருந்துக்கிட்டு, பன்னி மூஞ்சி தெரிஞ்சாலே விளாங்காயால அடிக்கும். விளாங்காய்னா தெரியும்ல, அது பழமில்ல, பழம் மாதிரி இருக்கிற கல்லு.

அந்தப் பன்னிக் கூட்டத்துல ஒச்சம்மான்னு ஒருத்தி. ஒம்போது குட்டிக்காரி. கடைசிக் குட்டிக்குப் போன மாசம் விளாங்காய் பட்டு ஒரு காது தொவண்டு தொங்கிருச்சு. ஒம்போதையும் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறது, ஒம்போதையும் முழுசாத் திருப்பிக் கூட்டிட்டு வர்றது, இதுதான் அவளுக்கு அன்னாடப் பொழப்பு. எண்ணும்போது எட்டுன்னு வந்த நாளு இன்னும் வரலை. வந்துருமோன்னு அவ வயித்துல ஒரு கல்லு கெடந்துக்கிட்டே இருக்கும்.

அவ புருசன் கொம்பையாதான் பன்னிகளுக்குத் தலைவரு. கொரங்குகளுக்குத் தலைவரு மொக்கச்சாமி. ரெண்டு பேரும் சண்டையை இப்படியே விட்டுட்டாங்கன்னு பழி சொல்லக்கூடாது. சமாதானக் கமிட்டி போட்டிருந்தாங்க. நரிதான் செயலாளர். இலுப்பை மரத்தடியில காலையில கூடுனா பொழுது சாயத்தான் கலைவாங்க. கூட்டத்துக்குக் கூட்டம் மேல்காட்டு ஆபீஸ்லருந்து ஒரு கூடை அவிச்ச வள்ளிக்கெழங்கும் ஒரு தார் வாழைப்பழமும் வந்துரும். சமாதானம் வரல. கெழங்கு ஒரு நாளும் வராம இருந்ததில்ல.

ஆயிரத்து நாப்பத்தொரு கூட்டம் முடிஞ்சிருச்சு. எல்லாக் கூட்டத்துலயும் கெழங்கைப் பரிமாறுறது ஒச்சம்மா வேலை. பரிமாறிட்டுப் பின்னால நிக்கணும். ஒரு நாளு அவளுக்குப் பொறுக்கலை.

"ஏங்க, யாரு எப்பத் தண்ணி குடிக்கிறதுன்னு பேசவே மாட்டேங்கிறீங்களே?"

நரி கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓலையைப் பாத்துச்சு. "அது பன்னெண்டாவது அயிட்டம்மா. இப்ப மூணாவது போயிட்டு இருக்கு."

"மூணாவது என்ன?"

"யாரு எங்க உக்காருறது."

அது சின்ன விசயமில்லை பாத்துக்குங்க. மொக்கச்சாமி கெளையில உக்காந்தா, "என்னைய மேலருந்து பாத்துப் பேசுறான்"னு கொம்பையாவுக்குக் கோவம். எறங்கி மண்ணுல உக்காந்தா, "கொரங்கு சாதி மானம் தரைக்கு வந்துருச்சு"ன்னு மொக்கச்சாமி பங்காளிங்க அழுவாங்க. அப்ப கொம்பையாவை மேல ஏத்துவோம்னு முடிவு பண்ணி, ஆறு பன்னி அடியில நின்னு முட்டுக்குடுத்து அவரைக் கவட்டைக் கெளையில ஏத்துனாங்க. அரை நாழி தலைவரு மரத்துல கம்பீரமா இருந்தாரு. அப்புறம் கெளை முறிஞ்சிருச்சு. அடுத்த ரெண்டு கூட்டம் கெளைக்கு இரங்கல் தீர்மானத்துலயே போச்சு.

ஒச்சம்மா தலையில அடிச்சுக்கிட்டுப் பின்பக்கம் போனா. அங்க ஒரு மந்தி வயித்துல குட்டியைத் தொங்கவிட்டுக்கிட்டு வாழைப்பழம் உரிச்சுக்கிட்டு இருந்தா. மொக்கச்சாமி பொண்டாட்டி ராக்கு. ஆயிரத்து நாப்பத்தொரு கூட்டமா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னிருக்காங்க, ஒரு வார்த்தை பேசுனதில்ல. சண்டைக்காரங்க ஆச்சே.

"உரிச்சுக் குடுத்தாத்தான் திம்பாங்களோ?" ஒச்சம்மா சும்மா இருக்க மாட்டாம கேட்டா.

"உரிச்சதைத் தின்னுட்டு, தோலு எங்கன்னு கேப்பாங்க மதினி."

"மதினியா? பன்னிக்கும் கொரங்குக்கும் என்னடி ஒறவு?"

"ரெண்டு பேரு புருசனும் ஒரே எடத்துல ஒன்னுமே செய்யாம உக்காந்திருக்காங்க. இதைவிட ஒறவு வேணுமா?"

ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. தொவண்ட காதுக் குட்டி அவ காலைச் சுத்திக்கிட்டு நின்னுச்சு. ராக்கு அதைப் பாத்தா, காதைப் பாத்தா, வாழைப்பழத்தைக் கீழ வெச்சுட்டா.

"எறிஞ்சது எம்பய மூத்தவன் மதினி. வீட்டுல வெச்சு வெளுத்துட்டேன். அவனுக்கும் ஒரு வாரமா வயித்தால போகுது, அந்தக் கோவம்."

"நாங்க காலையிலயே பொரளணும்னு வேண்டுதலா என்ன? வெயிலு உச்சிக்கு ஏறுனப்புறந்தான் எங்களுக்குச் சேறு வேணும். காலையில ஏன் வர்றோம்னா, நீங்க முந்திருவீங்கன்னுதான் வர்றோம்."

"நாங்க ஏன் முந்துறோம்? நீங்க முந்திருவீங்கன்னு."

இதுக்கா மூணு வருசம்னு ரெண்டு பேருக்கும் தோணிருச்சு, ஆனா வாய்விட்டுச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு.

"அப்ப உச்சி வெயிலு வரைக்கும் நீங்க குடிச்சிக்கங்க," ஒச்சம்மா சொன்னா. "தண்ணி தெளிவா இருக்கும். அதுக்கப்புறம் நாங்க எறங்குறோம்."

"நாங்க போகும்போது அத்தி மரத்தை ஒரு உலுக்கு உலுக்கிட்டுப் போறோம். குட்டிங்க பொறுக்கிக்கட்டும். எவனாச்சும் விளாங்காயைத் தொட்டான்னா கையை ஒடைக்கிறது எம்பொறுப்பு."

அவ்வளவுதான். ஒரு தார் உரிச்சு முடிக்கிறதுக்குள்ள சண்டை முடிஞ்சு போச்சு. ஓலை இல்லை, கையெழுத்து இல்லை. மறுநா காலையில கொரங்குக் கூட்டத்துப் பொம்பளைங்க எல்லாம் குட்டிகளோட வந்து குடிச்சிட்டுப் போனாங்க. மத்தியானம் பன்னிப் பொம்பளைங்க வந்து பொரண்டாங்க. ஒச்சம்மா எண்ணுனா, ஒம்போது. மறுநாளும் ஒம்போது. பத்து நாளைக்கப்புறம் எண்ணுறதை மறந்துட்டா. வயித்துல கெடந்த கல்லு எப்பக் கரைஞ்சுச்சுன்னு அவளுக்கே தெரியல.

கமிட்டிக்கு இது ஒன்னும் தெரியாது. ஆம்பளைங்கதான் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் சமாதானம் பேசிக்கிட்டு இருக்காங்களே, குட்டைப் பக்கம் யாரு போவா? அவங்களுக்கு வேணுங்கிற தண்ணியையும் ஒச்சம்மாவும் ராக்குவும் சொரக்குடுவையில கொண்டாந்து வெச்சிருவாங்க. மூணாவது அயிட்டத்துல கொம்பையாவுக்குக் கறையான் புத்து ஒன்னு ஒதுக்கலாமான்னு பேச்சு சூடா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இப்படி ஒன்றரை மாசம் போச்சு. அப்பத்தான் மேல்காட்டு ஆபீஸ்லருந்து கொக்கு ஆபீசர் இன்ஸ்பெக்சனுக்கு வந்து எறங்குனாரு. ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு ஆபீஸ் ஃபாரத்தைப் பிரிச்சாரு.

"ஏழாவது கட்டம். கமிட்டியில் பெண்கள் உண்டா? உண்டு, ஒருவர், பெயர் மயிலம்மான்னு போட்டிருக்கீங்க. ரொம்ப நல்லது. எங்க அவங்க?"

நரி போன வருசம் அந்த ஃபாரம் எழுதும்போது ஏழாவது கட்டத்துக்கு வந்து திண்டாடிப் போச்சு. கமிட்டியில இருக்கிறதுலயே பாக்க லட்சணமா இருக்கிறது யாருன்னு ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு, மயிலு பேரை எழுதிருச்சு. மயிலு ஆம்பளை. "நான் மீசை இல்லாத ஆம்பளைங்க"ன்னு அப்பவே சொன்னான் பாவம். "தோகையோட உக்காந்திரு, போதும்"னு நரி அமுக்கிருச்சு.

இப்ப மயிலைப் புடிச்சு முன்னால நிறுத்துனாங்க.

"மயிலம்மா, சமாதானத்துல பெண்கள் பங்கு பத்தி ரெண்டு வார்த்தை," கொக்கு கேட்டாரு.

மயிலுக்கு வார்த்தை வரல. பதட்டத்துல தோகைதான் வந்துச்சு, விசிறி மாதிரி முழுசா விரிஞ்சு நின்னுச்சு.

கொக்கு காலை மாத்தி நின்னாரு. "நானும் பறவைதான்யா. எனக்கேவா?"

நரி அசரலை. கெழங்குக் கூடையோட நின்ன ஒச்சம்மாவை முன்னால தள்ளிவிட்டுச்சு. "மயிலு சும்மா வரவேற்புக்குங்கய்யா. தலைவி இவங்கதான். அடிமட்டத்துலருந்து வந்தவங்க."

"நெசமா அடிமட்டந்தான், கெழங்கே மண்ணுக்கு அடியிலதான் வெளையுது," பின்னாலருந்து ராக்கு சொன்னா.

கொக்கு ஒச்சம்மாவைப் பாத்துக் கேட்டாரு. "சொல்லும்மா. சண்டை இப்ப எந்த நெலமையில இருக்கு?"

இங்கதான் ஒச்சம்மா தப்புப் பண்ணிட்டா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டா.

"சண்டையா? அது முடிஞ்சு ஒன்றரை மாசமாச்சுங்களே."

ஒச்சம்மா கையும் வாயுமா எல்லாத்தையும் வெளக்குனா. காலையில அவங்க, மத்தியானம் நாங்க, அத்திப்பழம், விளாங்காய். கொக்கு எழுதிக்கிட்டே இருந்தாரு.

"அப்ப கமிட்டிக்கு வேலை இல்லை. நாளைக்கழிச்சு வந்து கலைச்சிர்றேன். கெழங்கை இன்னையோட நிறுத்திரலாம்."

அவரு ஓடைப்பக்கம் மீன் பாக்கப் போனதும்தான் பூகம்பம். கொம்பையா புத்துல இருந்து எறங்குனாரு. மொக்கச்சாமி கெளையிலருந்து எறங்குனாரு. மூணு வருசத்துல மொத மொறையா ரெண்டு பேரும் ஒரே மட்டத்துல, தோளோட தோளு ஒட்டி நின்னாங்க. பொண்டாட்டிகளைத் திட்டுறதுக்கு.

"எங்களைக் கேக்காம யாரு சண்டையை முடிக்கச் சொன்னது?" மொக்கச்சாமி.

"ஏன்யா, முடிஞ்சா சந்தோசந்தானே படணும்?" ஒச்சம்மா புருசனைக் கேட்டா.

"முடிச்சது தப்பில்ல புள்ள. முறைப்படி முடிக்கலை. கமிட்டின்னு ஒன்னு எதுக்கு இருக்கு?"

"அதைத்தான் நானும் மூணு வருசமா கேக்குறேன்."

பதில் தெரியாத ஆம்பளை என்ன செய்வாரு? மறுநா விடிஞ்சதும் கொம்பையா பத்துப் பன்னியைக் கூட்டிக்கிட்டு நேரா குட்டைக்குப் போனாரு. கொரங்குக் குட்டிங்க குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே தொபுக்கடீர்னு நடுவுல விழுந்து பொரண்டாரு. "இது எங்க பரம்பரைச் சேறு"ன்னாரு. மொக்கச்சாமி சும்மா இருப்பாரா? அத்திமரத்துல ஏறி, தாறுமாறா விளாங்காயை வீசுனாரு. குறி பாக்க மூணு வருசமாப் பழக்கம் விட்டுப் போச்சு. ஒன்னு தவறி, அப்பன் பின்னாலயே ஓடிவந்து கரையில நின்ன ஒச்சம்மாவோட நாலாவது குட்டி முட்டியில பட்டுச்சு. அது மூணு கால்ல நொண்டிக்கிட்டுப் பொதருக்குள்ள ஓடிருச்சு.

அன்னைக்கு மத்தியானம் ஒச்சம்மா மறுபடியும் எண்ணுனா. எட்டு. பொதரு பொதராத் தேடி, ஒரு கள்ளிக்கு அடியில அந்த நொண்டுன குட்டியைக் கண்டுபுடிச்சு இழுத்து வெளிய எடுக்கிறதுக்குள்ள அவளுக்கு உசுரு போயி வந்துச்சு. கையிலயும் மூஞ்சியிலயும் முள்ளு. அப்படியே தரையில உக்காந்துட்டா. ராக்கு வந்து பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு முள்ளா எடுத்துவிட்டா.

"நாம பண்ணுன தப்பு என்ன தெரியுமா மதினி?" ராக்கு சொன்னா. "அவங்களுக்கு வேணுங்கிறது தண்ணியில்ல. உக்காந்து பேசுறதுக்கு ஒரு விசயம். அதை நாம புடுங்கிட்டோம். இப்ப வேலையில்லாம குட்டைக்கு வந்துட்டாங்க."

"அப்ப வேற ஒன்னு குடுத்துர வேண்டியதுதான்."

"என்னத்தைக் குடுப்ப? இருக்கிற சண்டையே அது ஒன்னுதான்."

ஒச்சம்மா தூரத்துல பாத்தா. காட்டுக்கு அந்தக் கடைசியில மொட்டப்பாறை. ஒரு புல்லு மொளைக்காது, ஒரு காக்கா உக்காராது. குட்டையிலருந்து நடந்து போனா ரெண்டு நாழி. அது யாருதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல, ஏன்னா ஒருத்தருக்கும் வேண்டியதில்ல.

"அந்தப் பாறை நெழல் காலையில எங்க விழுகும்?"

"எங்க பக்கம்."

"சாயங்காலம்?"

"உங்க பக்கம். ஏன் மதினி கேக்குற?" சொல்லிக்கிட்டு இருக்கும்போதே ராக்குவுக்குப் புரிஞ்சிருச்சு. முள்ளை எடுக்கிறதை விட்டுட்டு ஒச்சம்மா மூஞ்சியையே பாத்தா. "நீ பன்னியே இல்லடி. மேல்காட்டு ஆபீஸ்ல பொறந்திருக்க வேண்டியவ."

ரெண்டு பேரும் நேரா ஓடைக்குப் போயி கொக்கு முன்னால நின்னாங்க.

"ஐயா, நேத்து நான் அரைகொறையாச் சொல்லிட்டேன். முடிஞ்சது சின்னச் சண்டை. பெரிய சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க. மொட்டப்பாறை நெழல் யாருக்குச் சொந்தம்? காலையில ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம். விட்டா காடே எரிஞ்சு போகும்."

கொக்கு கழுத்தை நீட்டுனாரு. கமிட்டி கலைஞ்சா அவருக்கும் இன்ஸ்பெக்சன் கெடையாது, இந்த ஓடை மீனும் கெடையாதுன்னு அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

"ரொம்பத் தீவிரமான விசயம். புது ஃபைலு தொறந்திரலாம். எத்தனை நாள்ல முடியும்?"

"சூரியன் ஒரு எடத்துல நின்னுருச்சுன்னா முடிஞ்சிருங்க."

"தலைமை?"

"நான்தான். தொணைத் தலைவி ராக்கு. கூட்டம் பாறையிலதான் நடக்கணும். ஆம்பளைங்க அத்தனை பேரும் பொழுது விடிஞ்சதுலருந்து பொழுது சாயிற வரைக்கும் கட்டாயம் இருக்கணும். கெழங்கு டபுளு."

கொக்கு ஏழாவது கட்டத்துல ரெண்டு தடவை 'உண்டு'ன்னு எழுதுனாரு.

அன்னைக்கே கொம்பையாகிட்ட ஒச்சம்மா மெதுவா ஆரம்பிச்சா. "நமக்கெதுக்குய்யா வம்பு. அந்தப் பாறை நெழல் முழுக்க எங்களுதுன்னு கொரங்குங்க பேசிக்கிறாங்களாம். போனாப் போகுது, விட்ருவோம்."

"யாரு விடுறது?" கொம்பையா எந்திரிச்சுட்டாரு. அவருக்கு அந்தப் பாறை எந்தத் தெசையில இருக்குன்னே தெரியாது. "அந்த நெழல்ல எங்கப்பன் படுத்திருக்காரு. எங்க தாத்தன் படுத்திருக்காரு."

அந்தப் பக்கம் மொக்கச்சாமியும் இதே கதையைத்தான் சொன்னாராம். அவரு தாத்தன் அங்க தொங்குனாராம்.

பேச்சுவார்த்தை அமோகமா நடந்துச்சு. நரி புது ஓலை வாங்கிருச்சு. காலையில மொக்கச்சாமி தரப்பு நெழலை அளக்கும். சாயங்காலம் கொம்பையா தரப்பு அளக்கும். ரெண்டு அளவும் ஒத்து வராது. உச்சி வெயிலுல நெழலே இருக்காது, அப்ப எவனோ திருடிட்டான்னு ஒரு துணைக் கமிட்டி கெளம்பும். ஒச்சம்மா தலைமைப் பாறையில உக்காந்து, "ரெண்டு தரப்புலயும் ஞாயம் இருக்கு, இன்னும் ஆழமாப் பேசணும்"னு சொல்லுவா. அவ்வளவுதான் அவ வேலை. குட்டையில தண்ணி கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. ஒம்போது குட்டியும் கொழுகொழுன்னு ஆயிருச்சு.

நாலு மாசம் போச்சு. ஒரு நாளு மோடம் போட்டுருச்சு. சூரியனே இல்லை. நெழலும் இல்லை. அளக்க ஒன்னுமில்லாம எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்க. சிலுசிலுன்னு காத்து. மொக்கச்சாமி கெழங்கை எடுத்துக் கொம்பையாகிட்ட நீட்டுனாரு.

"தின்னு மாப்ள."

"நீ தின்னியா மாப்ள?"

ஒச்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாப்ளையா? எப்பருந்து?

"யோசிச்சுப் பாத்தா," கொம்பையா சொன்னாரு, "ஒரு நெழலுக்காக நாம இவ்வளவு அடிச்சிக்கணுமா? நீயே வெச்சுக்க மாப்ள."

மொக்கச்சாமி கண்ணைத் தொடைச்சாரு. "வேணாம் மாப்ள. உனக்கே விட்டுட்டேன். அந்தக் குட்டையில உன் பங்கும் என் பங்கும் ஒன்னுதான். வா, எல்லாரும் இப்பவே போயி ஒன்னா முங்குவோம். சண்டை முடிஞ்சிருச்சுன்னு காடே பாக்கட்டும்."

ஆம்பளைங்க அத்தனை பேரும் 'ஹோ'ன்னு எந்திரிச்சுட்டாங்க. ராக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. இவனுங்க இருபது பேரும் போயி ஒன்னா முங்குனா, ஒரு வாரத்துக்குத் தெளியாது. தெளியலைன்னா பழையபடி, எவன் கலக்குனான்னு ஆரம்பிக்கும். பழையபடி விளாங்காய். குட்டிங்க இப்ப அங்கதான் நிக்கிதுங்க.

"மதினி," ராக்கு பல்லைக் கடிச்சுக்கிட்டு முணுமுணுத்தா, "சமாதானம் ஆயிட்டானுங்கடி."

ஒச்சம்மா நிதானமா எந்திரிச்சா. குளம்பால பாறையை ரெண்டு தட்டு தட்டுனா.

"ரொம்ப சந்தோசம். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. ஒரே ஒரு வரி எழுதிட்டா முடிச்சிரலாம். எழுதுங்க செயலாளரே: பெருந்தன்மையோடு முதலில் விட்டுக்கொடுத்தவர்..." இங்க நிறுத்திட்டு, ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. "பேரு யாரு பேருங்க?"

"என் பேருதான்," கொம்பையா சொன்னாரு. "நான்தான் மொதல்ல சொன்னேன்."

மொக்கச்சாமி திரும்பிப் பாத்தாரு. "மொதல்ல கெழங்கை நீட்டுனது யாரு? விட்டுக்குடுக்கிறது அங்கதான் ஆரம்பிக்குது."

"கெழங்கு வேற, நெழல் வேற மாப்ள."

"யாருக்கு யாருடா மாப்ள?"

நரி ஓலையைப் புதுசா எடுத்து, பதினாலாவது அயிட்டம்னு மேல எழுதுச்சு. கொம்பையா தரப்பு இந்தப் பக்கம் உக்காந்துச்சு, மொக்கச்சாமி தரப்பு அந்தப் பக்கம் உக்காந்துச்சு. யாரு மொதல்ல பெருந்தன்மையா நடந்துக்கிட்டாங்கிறதுக்குச் சாட்சி கூப்பிட ஆரம்பிச்சாங்க. வானம் வெளுத்து, பாறைக்கு அடியில நெழல் மறுபடியும் விழுந்துச்சு. அதை ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை.

தலைவியும் தொணைத் தலைவியும் சத்தமில்லாம பின்பக்கமா எறங்கிக் குட்டைக்குப் போனாங்க, குட்டிகளை எண்ணுறதுக்கு.

நீதி: சமாதானம் நெலைக்கணும்னா, சமாதானம் பேசுறவங்களை மட்டும் ஒருநாளும் சமாதானம் ஆக விட்ராதீங்க.